மேடையில் கொடுத்த கால்

வலது கால் போனதைவிட, அது போன விதம்தான் ஓட்டுநருக்குப் பெரிய தலைவலியாகிவிட்டது.

ராணுவத்தில் அவர் லாரி ஓட்டியவர். எல்லையோரம் சண்டை நடந்துகொண்டிருந்த இடத்துக்கு உருளைக்கிழங்கும் மண்ணெண்ணெயும் கம்பளியும் ஏற்றிப் போகிற லாரி. ஒரு நாள் மதியம் வழியில் டயர் வெடித்தது. அடியில் படுத்து ஜாக்கி ஏற்றிக்கொண்டிருந்தபோது மண் சரிந்து ஜாக்கி நழுவ, லாரி அப்படியே அவர் கால்மேல் உட்கார்ந்துவிட்டது. அந்த நேரத்தில் சுற்றுவட்டாரத்தில் துப்பாக்கிச் சத்தம்கூட இல்லை. ஏதோ ஒரு பறவை மட்டும் கத்திக்கொண்டிருந்ததாக அவருக்கு ஞாபகம்.

படையிலிருந்து வரவேண்டிய செயற்கைக் கால், இது போரா விபத்தா என்பது முடிவாகும்வரை நிறுத்திவைக்கப்பட்டது. அது எப்போது முடிவாகும் என்று கேட்டதற்கு, போர் முடியட்டும் என்றார்கள். போர் முடிகிற மாதிரி தெரியவில்லை.

ஓட்டுநரின் மனைவி சட்டைக் கம்பெனியில் காலர் தைப்பவள். அவள் சம்பளத்தில் வீடு நொண்டிக்கொண்டு ஓடியது. ஊன்றுகோலோடு அவர் வேலை தேடி அலைந்ததில் ஒருவர் மட்டும் முகம் கொடுத்துப் பேசினார். அவர் லாரிப் பட்டறைக்காரர், பழைய சிநேகிதர்.

"என்கிட்ட உதிரிச் சாமான் எடுத்துக் குடுக்கற வேலை இருக்கு. உன்னைவிட அதுக்குத் தோதான ஆள் கிடைக்காது. ஆனா நாள் பூரா நிக்கணும்யா. ரெண்டு கையும் கோலைப் பிடிச்சிக்கிட்டா சாமானை யார் எடுக்கறது? ஒரு காலைக் கட்டிக்கிட்டு வா. அதுவரைக்கும் ஆள் வைக்காம பாத்துக்கறேன்."

அப்படித்தான் ஓட்டுநர் வீரர் துயர்துடைப்புச் சங்கத்தின் படியேறினார். ஊனமுற்ற வீரர்களுக்கென்றே நடக்கிற சங்கம். அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் நன்கொடையாளர்களுக்கு மட்டும்.

சங்கத்தின் தலைவி, ஓய்வுபெற்ற ஒரு பெரிய அதிகாரியின் மனைவி. எல்லோரும் 'தளபதியம்மா' என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பட்டம் தன் கணவருக்கே கிடைக்காதது என்பதை அவர் யாரிடமும் சொல்வதில்லை. செயலாளர் மெலிந்த மனிதர். எதைச் சொன்னாலும் ஆறுதல் சொல்கிற குரலிலேயே சொல்வார். இந்த இருவரும், கூடவே பிஸ்கட் சாப்பிடுவதற்கென்று வந்திருந்த சில உறுப்பினர்களும் நீளமான மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்க, ஓட்டுநர் இந்தப் பக்கம் ஒற்றைக் காலில் நின்றார்.

"காயம் பட்ட நேரத்துல எதிரிக்கு முகத்தைக் காட்டிட்டு இருந்தீங்களா, முதுகைக் காட்டிட்டு இருந்தீங்களா?" என்று செயலாளர் கேட்டார்.

"படுத்திருந்தேன் சார்."

"படுத்தா?"

"லாரிக்கு அடியில. ஜாக்கி நழுவிடுச்சு."

உறுப்பினர் ஒருவர் கடித்த பிஸ்கட்டைத் தட்டில் திரும்ப வைத்தார். தளபதியம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இங்க பாருங்க. ஜாக்கி நழுவினதுக்கு யாரும் பணம் தர மாட்டாங்க. ஜாக்கி யாருக்கு வேணா நழுவும். என் டிரைவருக்கே நழுவியிருக்கு."

"உண்மை அதுதாங்க அம்மா."

"உண்மையை யார் இல்லேன்னா? அதை நீங்க வச்சுக்கங்க. எங்களுக்கு வேண்டியது நிகழ்ச்சி."

பிறகு அவர்களே கூடிப் பேசி, லாரி கண்ணிவெடியில் ஏறியதாக முடிவு செய்தார்கள். ஓட்டுநருக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் பட்டறைக்காரரின் முகம் கண்முன் வந்தது. கால் கிடைத்தால் சரி, வெடியா ஜாக்கியா என்று கால் வந்து கேட்கப் போகிறதா என்று தலையாட்டிவிட்டார்.

அடுத்து வீட்டைப் பார்க்க வந்தார்கள். விருந்தாளி வருகிறார்கள் என்று மனைவி முந்தின நாளே வீட்டைக் கழுவித் துடைத்து, கம்பெனியில் கழித்த துணியில் திரைச்சீலை தைத்து மாட்டியிருந்தாள். தளபதியம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னது இது, இவ்வளவு சுத்தமா இருக்கு?"

மனைவி அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு சிரித்தாள்.

"சிரிக்காதீங்கம்மா. கஷ்டப்படற வீடு கஷ்டப்படற மாதிரி இருக்க வேணாமா? நாங்க நாலு பேருக்குப் பதில் சொல்லணுமில்ல?"

திரைச்சீலையைக் கழற்றினார்கள். கூட வந்த புகைப்படக்காரர், மின்விசிறி படத்துக்குள் வராதபடி மூலை மாறினார். கடைசியில் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, அந்தக் கண்ணாடியைக் கழட்டிடுங்க. போட்டா வசதியா தெரியறீங்க" என்றார்.

"கழட்டினா எனக்கு ஒண்ணும் தெரியாதே தம்பி."

"நீங்க எதையும் பாக்க வேணாம்க்கா. உங்களைத்தான் பாப்பாங்க."

ஒரு வாரம் கழித்து அளவெடுக்க ஆள் வருகிறது என்று செய்தி வந்தது. ஓட்டுநர் குளித்து, வெட்டுப்பட்ட காலைச் சுத்தமாகத் துடைத்து, காத்திருந்தார். வந்தவர் தையல்காரர். கழுத்து, மார்பு, தோள், கை என்று ஒன்று விடாமல் எடுத்தார். மேடைக்குப் புதுச் சீருடை தைக்கிறார்களாம்.

"காலுக்கு அளவு?" என்றார் ஓட்டுநர்.

"பேன்ட்டுக்கு ஒரு கால் அளவு போதும்னாங்க. இன்னொண்ண மடிச்சு ஊசி குத்தச் சொல்லியிருக்காங்க."

செயற்கைக் காலுக்கு அளவு வேண்டாமா என்று செயலாளரிடம் போய்க் கேட்டதற்கு, அவர் ஓட்டுநரின் தோளைத் தட்டிக்கொடுத்தார். "அதெல்லாம் கம்பெனிக்காரங்க பாத்துப்பாங்க தம்பி. நமக்கு இலவசமாவே தந்துட்டாங்க. உங்க வேலை நன்றி சொல்றது. அதுக்கு ஒத்திகை இருக்கு, மறக்காம வந்துடுங்க."

ஒத்திகையில் அழச் சொல்லிக் கொடுத்தார்கள். ஓட்டுநருக்கு அழுகை வரவில்லை. மருத்துவமனையிலேயே எல்லாம் அழுது முடித்தாகிவிட்டது. "பரவாயில்லை, குரல் அடைச்சா போதும்" என்று தளபதியம்மா பெரிய மனது பண்ணினார்.

முதல் விழாவில் மண்டபம் நிரம்பி வழிந்தது. ஓட்டுநரும் மனைவியும் மேடையேறினார்கள். செயலாளர் கண்ணிவெடிக் கதையைச் சொல்ல, இசைக்குழு மெதுவாக வாசித்தது. அப்புறம் நீளமான ஒரு கண்ணாடிப் பெட்டி வந்தது. உள்ளே, தலையிலிருந்து கால்வரை வெள்ளைப் பட்டுத் துணி சுற்றி, ரிப்பன் கட்டி, கால் படுத்திருந்தது. காலை வெறுமையாகக் காட்டுவது நாகரிகமில்லை என்று தளபதியம்மா சுற்ற வைத்தது. நகைக்கடை முதலாளி ஒருவர் தன் கையால் பெட்டியை எடுத்து ஓட்டுநரிடம் கொடுத்தார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. ஒத்திகையை நினைக்காமலே ஓட்டுநருக்குக் குரல் அடைத்துக்கொண்டது.

மேடைக்குப் பின்னால் போனதும் செயலாளர் இரண்டு கையையும் நீட்டினார்.

"குடுங்க தம்பி."

"எதை சார்?"

"காலை."

"எனக்குத்தானே குடுத்தாங்க?"

"உங்களுக்கேதான். யார் இல்லேன்னா? ஆனா இன்னிக்கே வீட்டுக்குக் கொண்டு போயிட்டா அடுத்த வாரம் எதைக் குடுக்கறது? அரிசி ஆலைக்காரர் தேதி குடுத்துட்டாரே."

அடுத்த வாரம் அரிசி ஆலைக்காரர் கொடுத்தார். அதற்கடுத்து ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உண்டியலை உடைத்துக் கொடுத்தார்கள். ஒரு சிமென்ட் கம்பெனி, ஒரு பல் மருத்துவர், ஒரு நடனக் குழு என்று வரிசையாக எல்லோரும் ஓட்டுநருக்குக் கால் கொடுத்தார்கள். எல்லாம் அதே கால். கதை மட்டும் ஊருக்கு ஊர் வளர்ந்தது. கண்ணிவெடிக்குப் பிறகு எரிகிற லாரியிலிருந்து ஓட்டுநர் தோழர்களை இழுத்துப் போட்டார். இன்னொரு ஊரில் அவர்களைத் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்தார். ஒற்றைக் காலோடு எப்படிக் கடந்தோம் என்று மேடையிலேயே அவருக்கு யோசனையாக இருந்தது.

கதை வளர வளர அவருக்குள் ஏதோ சுருங்கியது. தன்னோடு லாரியில் வந்தவர்களில் இரண்டு பேர் நிஜமாகவே கண்ணிவெடியில் போனவர்கள். அவர்கள் வீட்டு ஆட்கள் யாராவது கூட்டத்தில் இருந்துவிடப் போகிறார்களே என்று ஒவ்வொரு வரிசையாகப் பார்ப்பார். "மேலே நிமிர்ந்து பாருங்க, எதிர்காலத்தைப் பாக்கற மாதிரி" என்பார் செயலாளர்.

ஒருமுறை மழை நாளில் மேடைப் படி வழுக்கி, ஊன்றுகோல் ஒருபக்கம் பறக்க, ஓட்டுநர் முகம் குப்புற விழுந்தார். மோவாய் கிழிந்தது. மண்டபம் மொத்தமும் "அய்யோ" என்றது. அன்றைக்கு வசூல் அதுவரை இல்லாத அளவுக்கு வந்தது.

காயத்துக்கு மருந்து போட்டபடியே செயலாளர் சொன்னார்: "கடவுளாப் பாத்து குடுத்த மாதிரி இருக்கு தம்பி. வர ஞாயித்துக்கிழமையும் அதே இடத்துல…"

"வழுக்கிடுச்சு சார்."

"ஆமா, அதைத்தான் சொல்றேன். அதே படி. கொஞ்சம் இடது பக்கமா விழுந்தா கேமராவுக்கு நல்லா இருக்கும்."

அதிலிருந்து விழுவதும் நிகழ்ச்சி நிரலில் சேர்ந்தது. வரவேற்புரைக்கு அப்புறம், வாழ்த்துரைக்கு முன்னால். ஓட்டுநருக்கு உடம்பெல்லாம் கன்றிப்போனது. ராத்திரி மனைவி வெந்நீர் ஒத்தடம் கொடுப்பாள். ஒருநாள் கேட்டாள்.

"ஏங்க, சண்டையில இருந்தப்பகூட இவ்வளவு அடி வாங்கலையே நீங்க?"

"அங்க அடிச்சா திருப்பி அடிக்கலாம்மா. இங்க நன்றி சொல்லணுமே."

பட்டறைக்காரர் வீட்டுக்கே வந்தார். கையில் பேப்பர். அதில் ஓட்டுநர் கண்ணாடிப் பெட்டியோடு நின்றார்.

"கால் வந்தாச்சு போலிருக்கே. ஏன் வேலைக்கு வரலை? மேடையேறிப் பழகிட்டு, இனிமே சாமான் எடுத்துக் குடுக்கக் கூச்சமா இருக்கா?"

"அது இன்னும் என் கைக்கு வரலைங்க."

"கையில வச்சிக்கிட்டுத்தானய்யா நிக்கற போட்டோவுல!"

ஓட்டுநர் விளக்கிச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே நம்பும்படியாக இல்லை. பட்டறைக்காரர் காப்பியைக் குடிக்காமலே எழுந்து போனார். மறுவாரம் அந்த வேலைக்கு வேறு ஆள் சேர்ந்ததாகத் தெரிந்தது.

அந்தச் செய்தியைக் கேட்டபோது மனைவி காலர் துணியில் நூல் பிரித்துக்கொண்டிருந்தாள். கத்தரியைக் கீழே வைத்தாள். "இந்த ஞாயித்துக்கிழமை காலோடதான் வீட்டுக்கு வரோம்" என்றாள்.

அந்த ஞாயிறு ஆண்டு விழா. அமைச்சர் ஒருவர் வந்து ஓட்டுநருக்குக் கால் கொடுத்தார். வழக்கப்படி ஓட்டுநர் விழுந்தார், எழுந்தார், பெட்டியை வாங்கினார். புகைப்படக்காரர் சொடுக்கி முடிக்கும்வரை மனைவி காத்திருந்தாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, பெட்டியைத் திறந்து, ரிப்பனை அவிழ்த்தாள்.

"உக்காருங்க. இங்கயே கட்டிக்கங்க."

"ஏம்மா…"

"உக்காருங்கன்றேன். கட்டிக்கிட்டு நடந்துடுங்க. போட்டுக்கிட்ட காலை யார் கழட்டுறாங்கன்னு பாக்கறேன்."

மேடையில் காலியாக இருந்தது ஒரே ஒரு நாற்காலிதான். உயரமான முதுகும் சிவப்பு மெத்தையும் வைத்த நாற்காலி. பேசுவதற்காக எழுந்து போன தளபதியம்மாவுடையது. ஓட்டுநர் அதில் உட்கார்ந்தார். செயலாளர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

பட்டுத் துணி சுற்றுச் சுற்றாக அவிழ்ந்து விழுந்தது. இத்தனை மேடையில் இத்தனை தடவை வாங்கியும், காலின் முகத்தை அன்றைக்குத்தான் ஓட்டுநர் பார்த்தார். நல்ல கால். வழவழப்பாக, விரல் விரலாகச் செதுக்கி, நகம்கூட வைத்திருந்தார்கள். அவசர அவசரமாகப் பொருத்திப் பட்டையை இழுத்துக் கட்டினார். குனிந்து பார்த்தார். என்னவோ சரியாக இல்லை. இன்னொரு தரம் பார்த்தார்.

கட்டை விரல் வெளிப்பக்கம் இருந்தது.

"இது இடது கால்மா" என்றார் ஓட்டுநர். அந்தச் சத்தம் மனைவிக்கு மட்டும்தான் கேட்டது.

அவள் குனிந்து அந்தக் கட்டை விரலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மைக்கை நோக்கி ஓடினாள். "எங்க வீட்டுக்காரருக்கு வலது கால்தாங்க இல்லை! வலது கால்!" என்று கத்தினாள். செயலாளர் அதற்குள் மைக்கின் ஒயரைப் பிடுங்கியிருந்தார். முன்வரிசையில் இருந்தவர்களுக்கு மட்டும் அரைகுறையாகக் கேட்டு, என்ன இது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஓட்டுநர் எழுந்து நடந்து பார்த்தார். காலைச் செருகுகிற உறை அவருக்குச் சின்னது. இரண்டடி வைத்தார். மூன்றாவது அடியில் இரண்டு இடது கால்களும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ள, தடாலென்று விழுந்தார். இந்த விழுதல் நிரலில் இல்லாதது.

ஒயரைத் திரும்பச் சொருகினார்கள். தளபதியம்மா மைக்கைப் பிடித்தார். அவர் குரல் ஒத்திகை இல்லாமலே தழுதழுத்தது.

"பெரியோர்களே! சற்றுமுன் நம் கண்ணால் என்ன பார்த்தோம்? வலதா இடதா என்று பார்ப்பவன் வியாபாரி. வலது இடது பாராமல் நாடு ஒன்றையே பார்ப்பவன் வீரன்! கொடுத்த காலை மறுக்காமல் மாட்டிக்கொண்டு, விழுந்தாலும் நன்றியோடு விழுகிறானே, இவனைப் போன்றவர்கள் இருக்கும்வரை நம் சங்கத்துக்கு அழிவில்லை!"

அமைச்சர் எழுந்து நின்று கைதட்டினார். அவர் எழுந்ததால் மண்டபமே எழுந்தது. நன்கொடைப் பெட்டி மூடி பொருந்தாமல் பிதுங்கியது. தரையில் கிடந்த ஓட்டுநரைத் தூக்கிவிட்டது மனைவி ஒருத்திதான். மற்றவர்களுக்குக் கை தட்டவே சரியாக இருந்தது.

மறுநாள் செயலாளர் அவர்களை வரச் சொன்னார். முகத்தில் சாவு வீட்டுக் களை.

"தப்பு நடந்துபோச்சு தம்பி. ரொம்பப் பெரிய தப்பு."

"ஆமா சார்" என்றார் ஓட்டுநர். அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. "வலது கால் வேணும்னு கம்பெனியில சொல்லிட்டா, எத்தனை நாள்ல…"

"தளபதியம்மா நாற்காலியில உக்காந்துட்டீங்களே. எப்படி மனசு வந்துச்சு உங்களுக்கு? அவங்க வீட்டுக்குப் போயி சாப்பிடவே இல்லையாம்."

மனைவி குறுக்கிட்டாள். "சார், நீங்க குடுத்தது தப்பான கால் சார்."

"கால்னு கேட்டோம், கால் வந்துச்சு. விற்காமத் தேங்கிக் கிடந்ததை இலவசமாக் குடுத்த கம்பெனிகிட்ட எந்தக் கால்னு கேக்கறது மரியாதையாம்மா? இத்தனை மாசம் நீங்களும் கேக்கலையே. ஒவ்வொரு மேடையிலயும் நன்றின்னுதானே சொன்னீங்க."

நாற்காலிக் குற்றத்துக்காக ஓட்டுநர் பயனாளி என்ற நிலையிலிருந்து நீக்கப்பட்டார். கால் கேட்டு வேறு சங்கங்களுக்குப் போனார்கள். எங்கே போனாலும் அவர்கள் போவதற்கு முன்னாலேயே அவர்களுடைய புகைப்படங்கள் போயிருந்தன. "நகைக்கடைக்காரர் ஒரு கால் குடுத்திருக்கார், சிமென்ட் கம்பெனி ஒண்ணு குடுத்திருக்கு, பிள்ளைங்க உண்டியல்ல ஒண்ணு, அமைச்சர் கையால ஒண்ணு. இன்னும் எத்தனைதான் வேணும் உங்களுக்கு? ஒண்ணுகூட இல்லாதவங்க வரிசையில நிக்கறாங்க" என்று ஒரு மேலாளர் கதவைக் காட்டினார். படைத் தலைமையகத்தில் அவருடைய விண்ணப்பமே ரத்தாகியிருந்தது. தேவைக்கு மேல் பெற்றுக்கொண்டார் என்று குறிப்பு. தெருவில் போகிறவர்கள், வீட்டில் கால்களையெல்லாம் எங்கே அடுக்கி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டுச் சிரித்தார்கள். ஓட்டுநர் வெளியே போவதைக் குறைத்துக்கொண்டார். மனைவி கம்பெனியில் இரண்டு ஷிஃப்ட் பார்த்தாள். வீட்டுக்கு வந்தால் திரைச்சீலை இல்லாத ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள்.

மழைக்காலம் தொடங்கியபோது சங்கத்திலிருந்து ஆள் வந்தது. மேடைச் சீருடை சங்கத்தின் சொத்து, உடனே ஒப்படைக்க வேண்டும் என்று. ஓட்டுநர் அதைத் துவைத்து மடித்து எடுத்துக்கொண்டு மூன்று மாடியும் ஏறினார்.

வராந்தாப் பெஞ்சில் ஓர் இளைஞன் உட்கார்ந்திருந்தான். ராணுவ முடிவெட்டு. வலது சட்டைக்கை காலியாகத் தொங்கியது. ஊன்றுகோலைப் பார்த்ததும் எழுந்து இடம் விட்டான்.

"அண்ணே, நீங்க அந்த ஆத்தைக் கடந்தவர்தானே? போட்டோவுல பாத்திருக்கேன்."

ஓட்டுநர் பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, "உனக்கு என்னப்பா குடுக்கறாங்க?" என்று கேட்டார்.

"கால் குடுக்கறாங்கண்ணே."

"உனக்குப் போனது கைதானே?"

"கைதாண்ணே." இளைஞன் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "நானும் அதைத்தான் சொன்னேன். கை இப்ப இருப்பு இல்லையாம். கால் தயாரா இருக்கு, முதல்ல அதை வாங்கிக்க, அப்புறம் பாக்கலாம்னாங்க. வீட்டுல ரொம்பக் கஷ்டம்ண்ணே. தங்கச்சிக்கு உடம்பு சரியில்லை."

ஓட்டுநர் நிறையச் சொல்ல நினைத்தார். கண்ணாடிப் பெட்டியைப் பற்றி, பட்டுத் துணியைப் பற்றி, மேடைப் படியைப் பற்றி. வாயைத் திறப்பதற்குள் உள்ளிருந்து செயலாளரின் ஆறுதலான குரல் இளைஞனைக் கூப்பிட்டது.

"இதோ வரேன் சார்!" என்று அவன் எழுந்தான். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவனாக இடது காலை விறைப்பாக்கிக்கொண்டு, தோளைச் சாய்த்து, தரையைத் தேய்த்தபடி கதவை நோக்கி நடந்தான். வாசலில் நின்று, எப்படி என்பதுபோல் திரும்பி ஓட்டுநரைப் பார்த்தான்.

நன்றாகத்தான் நொண்டினான்.